பாலத்தின் மேல் ஒரு புள்ளி

கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும் பஸ்ஸில்தான் குடும்பம் நடத்தினார்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உண்மை அதுதான்.

கல்யாணமான நாளிலிருந்து கடை, கடை, கடை. முன்பக்கம் அவள் நின்று வருகிறவர்களின் மூக்கில் ஃபிரேம் மாட்டிப் பார்ப்பாள். பின்பக்கம் அவர் குனிந்து லென்ஸ் தேய்ப்பார். நடுவில் ஒரு திரை. “பெரிய மூக்கு வந்திருக்கு, அந்தக் கறுப்பு ஃபிரேமை எடுங்க” என்பது போன்ற வசனங்களைத்தான் அவர்கள் பல வருஷங்களாகக் காதல் மொழியாகப் பேசி வந்தார்கள். வீட்டுக்குப் போனால் சாப்பாடு, தூக்கம். ஒரே மகன் படித்து முடித்து எங்கேயோ தூரதேசத்தில் வேலைக்குப் போய்விட்டான். பேசுவதற்கு நேரம் வந்தபோது பேசும் வழக்கம் விட்டுப்போயிருந்தது.

அப்புறம் அவளுக்கு சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்தில் இரண்டு நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னலோரம் அவள், பக்கத்தில் அவர். வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல்வரை ஒரே பஸ். போகும்போது அவள் பேசிக்கொண்டே வருவாள். எதிர்த்த வீட்டுக்காரியின் மருமகள், சின்ன வயதில் தொலைத்த கொலுசு, மகன் போனில் இருமியது என்று எதையாவது. வரும்போது களைப்பில் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப் போவாள். அவர் அசையமாட்டார்.

“வியாதி வந்தப்புறம்தாங்க நீங்க எனக்குக் கிடைச்சிருக்கீங்க” என்றாள் ஒருநாள்.

“சீ, என்ன பேச்சு இது” என்றார் அவர். ஆனால் அன்றைக்கு முழுக்க லென்ஸ் தேய்க்கும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் அவர்களைப் ‘புதுமாப்பிள்ளை, புதுப்பொண்ணு’ என்று கூப்பிடுவார். “என்ன புதுப்பொண்ணு, இன்னிக்கு மாப்பிள்ளை மேல கோவமா? மூஞ்சி அந்தப் பக்கம் திரும்பியிருக்கே?” என்று டிக்கெட் கிழிப்பார். பஸ்ஸே சிரிக்கும்.

அந்தப் பஸ்ஸை ஒரு திங்கட்கிழமை நிறுத்திவிட்டார்கள்.

நிறுத்தத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. ரயில் வருகையை முன்னிட்டு இத்தடத்தில் பேருந்து சேவை நிறுத்தப்படுகிறது, பொதுமக்கள் மகிழ்ச்சியுடன் ஒத்துழைக்க வேண்டும் என்று. கண்ணாடிக்காரர் ரயிலைத் தேடினார். சாலையின் நடுவில் ஒரே ஒரு தூண் நின்றது. அதன் தலையில் சீரியல் பல்பு சுற்றியிருந்தார்கள். தூணுக்குக் காவலாக ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, ரயில் எப்ப வரும்?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“எனக்குத் தூண் மட்டும்தாங்க தெரியும்” என்றார் காவலாளி.

மனைவி ஒத்துழைத்தாள். ஆனால் மகிழ்ச்சி வரவில்லை. அன்றைக்கு வாடகை ஆட்டோவில் போனார்கள். குலுங்கின குலுக்கலில் அவளால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

*

நகர விரைவு ரயில் கழகத்தின் தலைமை அலுவலகம் கண்ணாடிக்காரரைப் பிரமிக்க வைத்தது. நுழைந்தவுடன் ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நகரம் முழுவதையும் பொம்மையாகச் செய்து வைத்திருந்தார்கள். ஆறு இருந்தது, பாலம் இருந்தது, ஆஸ்பத்திரி கூட இருந்தது. விரல் நீளத்தில் ஒரு ரயில் வளைந்து வளைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல்களில் பொம்மைப் பயணிகள் சிரித்தார்கள்.

“பாத்தீங்களா, ஒரு நிமிஷம்கூட தாமதம் கிடையாது” என்றாள் வரவேற்பில் இருந்தவள் பெருமையாக. “கரண்ட் போனாலும் ஓடும். தனி ஜெனரேட்டர் போட்டிருக்கோம்.”

பயணிகள் நல அதிகாரி என்று ஒருவர் இருந்தார். பயணிகளே இல்லாத ரயிலுக்கு நல அதிகாரியாக இருப்பதால் அவர் முகத்தில் கவலையே இல்லை. இரண்டு கைகளையும் நீட்டிக் கண்ணாடிக்காரரை வரவேற்றார்.

“பஸ்ஸை நாங்க நிறுத்தலை சார். கடன் நிறுத்துச்சு.”

“கடனா?”

“ஆமா. இந்தத் திட்டத்துக்கு வெளியிலேர்ந்து ஒரு வங்கி கடன் குடுக்குது. ரயில் போற வழியில போட்டி எதுவும் இருக்கக் கூடாதுன்னு ஒப்பந்தத்துல போட்டிருக்காங்க. உங்க பஸ் போட்டி.”

“ரயிலே இல்லையே சார். பஸ் யாரோட போட்டி போடும்?”

அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புரியாத பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமை அவர் குரலில் வந்தது. “பஸ் இருந்தா, அதான் பஸ் இருக்கே, ரயில் எதுக்குன்னு வங்கிக்காரன் கேப்பான். பஸ்ஸை எடுத்துட்டா ஜனங்க தவிப்பாங்க. தவிச்சாத்தான் தேவை இருக்குன்னு அர்த்தம். தேவை இருந்தாத்தான் பணம் வரும். பணம் வந்தாத்தான் ரயில் வரும். மத்தவங்கல்லாம் தூண்தான் அஸ்திவாரம்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. இல்ல சார். உங்களை மாதிரி ஆளுங்க படற கஷ்டம்தான் இந்தத் திட்டத்தோட அஸ்திவாரம்.”

சொல்லிவிட்டு அவரே நெகிழ்ந்து போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் மரியாதைக்குத் தலையை ஆட்டினார்.

“என் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்ல சார். வாரத்துல ரெண்டு தடவை அந்தப் பக்கம் போயாகணும்.”

“ரயில் வர்ற வரைக்கும் அந்த வைத்தியத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?”

“முடியாதுங்க.”

“எவ்வளவு நாளைக்குப் பண்ணணும்?”

“ஆயுசுக்கும் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க.”

“அப்பாடா!” என்று அதிகாரி மேஜையைத் தட்டினார். “அப்ப கண்டிப்பா நம்ம ரயில்ல போவாங்க. பாருங்க, ஒரு பயணி உறுதியாயிட்டாங்க.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “என்னைப் பாத்துக் கடன் குடுக்கறாங்களா? நம்ம தெருவுல ஒருத்தன்கூடக் குடுக்கமாட்டானே!” சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, “அப்ப பஸ் வராதா?” என்று கேட்டாள்.

அவர் தண்ணீர் குடிக்கப் போனார்.

*

திட்டத்தைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்காமல் எதையும் செய்யமாட்டோம் என்று கழகம் அறிவித்தது. கருத்துக் கேட்புக் கூட்டம் ஊருக்கு வெளியே, எந்தப் பஸ்ஸும் போகாத ஒரு மண்டபத்தில் நடந்தது. தெருவில் ஒருவர் காய்கறி வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றார். “நானும் வர்றேன். எனக்குத்தானே கஷ்டம், நீங்க போய் என்னத்தை சொல்லப்போறீங்க? அங்க போனா ஊமையாயிடுவீங்க” என்று மனைவியும் ஏறிக்கொண்டாள்.

மண்டபத்து வாசலில் இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னங்க, அங்க பாருங்க.”

வேப்பமரத்தடியில் அவர்களுடைய பன்னிரண்டாம் நம்பர் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க புதுப்பொண்ணு! உடம்பு எப்படி இருக்கு?”

“நீங்க எங்க அண்ணே இங்க?”

“கூட்டத்துக்கு ஆள் வரணும்ல? பஸ் இல்லாம எப்படி வருவாங்க? அதான் கழகம் எங்களை வாடகைக்கு எடுத்திருக்கு. பஸ் வேண்டாம்னு கை தட்டறதுக்கு, பஸ்ல ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கோம்.” கண்டக்டர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

அவள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அண்ணே, கொஞ்ச நேரம் உள்ள உக்காந்துக்கட்டுமா?”

“இது என்னம்மா கேள்வி? உன் பஸ்ஸு.”

அவள் ஏறித் தன் ஜன்னலோர இடத்தில் உட்கார்ந்தாள். பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள். ஓடாத பஸ்ஸில், காலி இருக்கைகளுக்கு நடுவில், இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நகரவில்லை. ஆனாலும் அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். எதிர்த்த வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாளாம். திரும்பி வருவதற்கு அவளுக்கும் பஸ் இல்லையாம். “குடும்பத்தைப் பிரிச்ச பாவம் அந்த ரயிலுக்கு” என்றாள். பேசிக்கொண்டே கண்ணை மூடினாள். அவள் தூங்கிப்போனதும் கண்டக்டரைக் காவல் வைத்துவிட்டு அவர் மட்டும் உள்ளே போனார்.

அமைச்சர் பேசிக்கொண்டிருந்தார். “பஸ் என்பது என்ன? எங்கே கை காட்டினாலும் நிற்கிறது. யாரை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்கிறது. இப்படி ஒரு ஒழுங்கீனத்தை எத்தனை காலம் சகித்துக்கொள்வது? ரயில் அப்படியல்ல. அது உங்களைத் தேடி வராது. நீங்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். அதுதான் கௌரவம்!” கூட்டம் கை தட்டியது. “சிலர் கேட்கிறார்கள், எப்போது முடியும் என்று. முடிப்பதற்காகவா நாம் ஒரு திட்டத்தைத் தொடங்குகிறோம்? முடிந்துபோனால் அடுத்த தேர்தலில் எதைத் தொடங்குவது?” இதற்கும் கை தட்டினார்கள். பிறகு, கருத்துச் சொல்ல யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். “ஐயா, ரயில் வரட்டும், வேண்டாம்னு சொல்லலை. அது வர்ற வரைக்கும் அந்தப் பஸ்ஸைத் திருப்பிக் குடுங்க. என் சம்சாரம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

அமைச்சர் அவரை அன்போடு பார்த்தார்.

“எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள்?”

அவர் தெருவின் பெயரைச் சொன்னார்.

“பாருங்கள்!” அமைச்சர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “அவ்வளவு தூரத்திலிருந்து, நோயாளி மனைவியையும் வைத்துக்கொண்டு, பஸ்ஸே இல்லாமல் இங்கே வந்து நிற்கிறார். பஸ் இல்லாமலும் மக்கள் எங்கேயும் போகமுடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?”

அன்றைக்கு மிக அதிகமான கைதட்டல் கண்ணாடிக்காரருக்குத்தான் கிடைத்தது.

*

அதன்பிறகு அவள் பொய் சொல்லத் தொடங்கினாள். “இந்த வாரம் ஒரு தடவை போதும்னு நர்ஸ் சொல்லிட்டா” என்பாள். ஆட்டோ குலுக்கலையும் செலவையும் நினைத்துத்தான் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. கால் வீங்கியது. முகம் வீங்கியது. கடைசியில் டாக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “படிச்சவர் மாதிரி இருக்கீங்க, சம்சாரத்தைக் கொல்லப் பாக்கறீங்களா?” என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

வெளியே வந்து மனைவியிடம் கத்தினார். அவர் கத்தி அவள் பார்த்ததில்லை. கத்திவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதார். அவள்தான் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. அவளுடைய தங்கை ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் குடியிருந்தாள். அவள் வீட்டில் போய் இருந்துகொண்டால் நடந்தே போய்விடலாம். கடையை விட்டு அவர் வரமுடியாது. தங்கை வீட்டில் இன்னொரு ஆளுக்குப் படுக்க இடமும் கிடையாது.

பெட்டியில் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: “இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் கோவிச்சுக்கிட்டுப் போனதில்ல. இப்ப ஒரு சண்டையும் போடாம பெட்டியைத் தூக்கிட்டுப் போறேன். தெருவுல என்ன பேசுவாங்க?”

“ரயிலோட ஓடிப்போயிட்டான்னு பேசுவாங்க” என்றார் அவர்.

அவள் சிரித்து, அவர் கன்னத்தில் லேசாக ஒரு இடி இடித்தாள். “பகல்ல வெந்நீர்ல குளிங்க. கடை சாவியை அண்டா மேல வைக்காதீங்க, உள்ள விழுந்துடும்.”

அப்புறம் போன்தான். தினம் கடையை மூடுகிற நேரத்தில் அவள் கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை அவர் பாலத்தைத் தாண்டி நடந்தே போய் வருவார். மச்சினி வீட்டு வரவேற்பறையில், மச்சினி புருஷன் டி.வி. பார்த்துக்கொண்டிருக்க, மனைவியை விருந்தாளி மாதிரி எதிர் நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு வருவது அவருக்குப் பழகவே இல்லை.

*

ஒருநாள் கடைக்கு ஒரு பெண் வந்தாள். பார்வை மங்கலாக இருக்கிறது, அவசரமாகக் கண்ணாடி வேண்டும் என்றாள். எதற்கு அவசரம் என்று கேட்டார்.

“ரயில் கழகத்துல கணக்கெடுக்கற வேலை சார். வங்கிக்காரங்களுக்கு சந்தேகம் வந்துடுச்சு. பாலத்தைத் தாண்டி நெசமாவே ஆளுங்க போறாங்களா வர்றாங்களான்னு எண்ணித் தரச் சொல்லியிருக்காங்க. வர்ற வியாழக்கிழமை.”

கண்ணாடிக்காரருக்கு உள்ளே என்னவோ விழித்துக்கொண்டது. “எண்ணினா என்ன ஆகும்?”

“தேவை இருந்தா திட்டம் நடக்கும். வேலை முடியற வரைக்கும் தற்காலிகமா பஸ்ஸையும் திருப்பி விடுவாங்க. தேவை இல்லைன்னா ரெண்டும் கிடையாது.”

“தேவை இருக்கே அம்மா! நான் இருக்கேன். போகணும், போக முடியலை.”

அந்தப் பெண் சங்கடமாக நெளிந்தாள். “போகணும்னு நினைக்கறவங்களை எண்ண முடியாதுங்க சார். நகர்றவங்களைத்தான் எண்ணுவோம். எங்க கையில ஒரு கருவி குடுத்திருக்காங்க. ஆள் தாண்டினா அழுத்தணும். ஆசைக்கு அதுல பட்டன் இல்லை.”

அன்று மாலை மனைவியிடம் இதைப் போனில் சொன்னார்.

“நான் வர்றேன்” என்றாள்.

“எங்க வர்றே?”

“நானும் ஒரு ஆள்தானே? என்னையும் எண்ணட்டும்.”

“வியாழக்கிழமை உனக்கு ஆஸ்பத்திரி.”

“ஒருநாள் தள்ளிப் போனா ஒண்ணும் ஆகாது. வெள்ளிக்கிழமை போயிக்கறேன். நம்ம தெருக்காரங்களையும் அந்தப் பக்கமா நடக்கச் சொல்லுங்க. எனக்கு நம்ம வீட்டுக்கு வரணுங்க. இந்த வீட்டுல கைப்பிடி இல்லாத கிளாஸ்ல காப்பி குடுக்கறா. எனக்கு அது பிடிக்கலை.”

அவர் தடுத்தார். கெஞ்சினார். அவள் போனை வைத்துவிட்டாள்.

தெருக்காரர்கள் எல்லோரும் வருவதாகத்தான் சொன்னார்கள். வியாழக்கிழமை காலை கிளம்பிப் போய்ப் பார்த்தால், பாலத்தின் இரண்டு பக்கமும் தடுப்பு போட்டிருந்தது. மேற்பார்வையாளர் கழுத்தில் விசிலோடு நின்றுகொண்டிருந்தார்.

“பாலத்தை மூடியிருக்கோம். யாரும் போகக் கூடாது.”

“இன்னிக்குத்தானே எண்ணப்போறீங்க?”

“அதனாலதான் மூடியிருக்கோம். கணக்கெடுக்கறவங்க நடுவுல மேஜை போட்டு உக்காரணும். வண்டி வந்து இடிச்சா யார் பொறுப்பு? பாதுகாப்பு முக்கியம் சார்.”

தெருக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். வேலைக்குப் போக வேண்டியவர்கள். கண்ணாடிக்காரர் மட்டும் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் ஏறியது. காலியான பாலத்தில் குடைக்குக் கீழே கணக்கெடுக்கும் பெண் புதுக் கண்ணாடியோடு கருவியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பாலத்தின் அந்தக் கோடியில் ஒரு ஆட்டோ நின்றது. யாரோ இறங்கினார்கள். தடுப்பில் நின்ற காவலரிடம் ஏதோ பேசினார்கள். காவலர் தலையாட்டினார், மறுத்தார், கடைசியில் ஒதுங்கி நின்றார். அவளிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் இல்லை என்பது கண்ணாடிக்காரருக்குத் தெரியும்.

அவள் நடந்து வரத் தொடங்கினாள்.

“அது என் சம்சாரம்” என்று தடுப்பைத் தாண்டப் போனவரை மேற்பார்வையாளர் பிடித்து நிறுத்தினார்.

“அவசரப்படாதீங்க சார். நீங்க அந்தப் பக்கம் போனா ஒண்ணு. அவங்க இந்தப் பக்கம் வந்தா ஒண்ணு. போனதுல வந்ததைக் கழிச்சா பூஜ்யம். அவங்க நடந்து வர்றது வீணாப் போயிடும்.”

“அவளால நடக்க முடியாதுய்யா!”

“நடக்கறாங்களே.”

நடந்துகொண்டுதான் இருந்தாள். மேஜையை எட்டுவதற்கு முன்பே கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். அவள் கையை உயர்த்தி, வராதீர்கள் என்று ஆட்டினாள். மேற்பார்வையாளர் அவரைப் பிடித்து நிறுத்தியதைப் பார்த்து, அவர் தாண்டினால் எண்ணிக்கை கெட்டுவிடும் என்று அவளும் புரிந்துகொண்டிருந்தாள். “அங்கேயே நில்லுங்க! கெடுத்துடாதீங்க!” காற்றில் அவள் குரல் மெலிதாக வந்தது. “மூச்சு வாங்குது, அவ்வளவுதான்!”

அவர் நின்றார். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டமான ஒரு காரியத்தை அவர் அதுவரை செய்ததில்லை. கணக்கெடுக்கும் பெண் எழுந்து நின்றுவிட்டாள். காவலர்கள், டீ கொண்டுவந்தவர், மேற்பார்வையாளர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்தாள். நாலடி நடந்து நின்றாள். மறுபடி நடந்தாள். வீங்கின கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, கடைசியில் மேஜையைத் தாண்டினாள்.

பெண்ணின் கட்டைவிரல் கருவியை அழுத்தியது. டிக் என்று ஒரு சத்தம்.

“எண்ணிட்டியா கண்ணு?” என்று கேட்டாள் அவள்.

“எண்ணிட்டேம்மா.”

“நல்லாப் பாத்துக்கோ. அப்புறம் இல்லைன்னு சொல்லக் கூடாது.” சொல்லிவிட்டு இந்தப் பக்கம் வந்து கண்ணாடிக்காரர் மேல் அப்படியே சரிந்தாள். அவள் முகத்தில், பரீட்சையில் தேறிய பிள்ளையின் சந்தோஷம் இருந்தது.

அன்றைக்கு அவள் தன் வீட்டில், தன் கிளாஸில் காப்பி குடித்தாள். கடையைத் திறக்கச் சொல்லி, நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரே ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் ஃபிரேம் மாட்டினாள். “பெரிய மூக்குங்க!” என்று திரைக்குப் பின்னால் குரல் கொடுத்தாள். அவர் கறுப்பு ஃபிரேமை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

வெள்ளிக்கிழமையும் பாலம் மூடியிருந்தது. எண்ணிக்கை குறைவாக இருப்பதால் இன்னொரு நாள் எண்ணிப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். ஊரைச் சுற்றிக்கொண்டு இன்னொரு பாலம் வழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. இரண்டு நாள் படுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் வழக்கமாக நடந்து வந்து சேர்கிற நேரத்தில், இறந்துபோனாள். அன்றைக்கு அவர் பக்கத்திலேயே இருந்தார்.

*

எண்ணிக்கையின் முடிவை அறிவிக்கும் கூட்டத்துக்குப் பாதிக்கப்பட்ட பொதுமக்களின் சார்பில் ஒருவர் வேண்டும் என்று கண்ணாடிக்காரரை அழைத்திருந்தார்கள். அவர் போயிருக்க வேண்டாம். ஆனால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

குளிர்ந்த அறை. வங்கிக்காரர்கள் ஒரு பக்கம், கழகத்தார் ஒரு பக்கம். திட்ட ஆலோசகர் திரையில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். “ரயில் தடத்தை மாத்தியாச்சு. பாலத்துப் பக்கம் போகாது. ஊருக்கு வடக்கே இருக்கற காலி நிலத்துக்குப் போகும்.”

“அங்க யாராவது குடியிருக்காங்களா?” என்று கேட்டார் ஒரு வங்கிக்காரர்.

“யாருமே இல்லை. அதுதான் அதோட பலம். இங்க இருக்கற ஜனங்களை எண்ணினா இருக்கற அளவுதான் வரும். அங்க இனிமேல்தான் வரப்போறாங்க, எவ்வளவு பேர் வேணும்னாலும் வரலாம். நிலத்தை வாங்கிப் போட்டிருக்கற பெரியவங்களும் அதையேதான் சொல்றாங்க.”

வங்கிக்காரர்கள் திருப்தியாகத் தலையசைத்தார்கள். ஆலோசகர் அடுத்த படத்துக்குப் போனார். “இது பாலத்து எண்ணிக்கை.” திரையின் அடியில் ஒரு கோடு ஓடியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தரையோடு தரையாக. நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும், கோட்டுக்கு மேலே, ஒரு சின்னப் புள்ளி. “தேவை பூஜ்யம். அந்தப் புள்ளி எண்ணும்போது வந்த பிழை.”

கடைசி வரிசையில் கணக்கெடுத்த பெண் எழுந்தாள். “பிழை இல்லை சார். நான்தான் அழுத்தினேன்.”

“மூடின பாலத்துல ஆள் எப்படிம்மா வரும்? நீ அழுத்தினதுதான் பிழை. உக்காரு.”

கண்ணாடிக்காரர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். யாரும் தடுக்கவில்லை. பொதுமக்கள் ஆர்வம் காட்டுவது நல்ல விஷயம் என்று நினைத்தார்கள்.

“சார், இதைக் கொஞ்சம் பெருசாக் காட்ட முடியுமா?”

ஆலோசகர் மகிழ்ந்துபோய்ப் பெரிதாக்கினார். புள்ளி வளர்ந்தது. விளிம்பு கலைந்து, உள்ளங்கை அளவுக்கு, திரையின் நடுவில் தனியாக நின்றது.

“இது எந்தப் பக்கமா வந்துக்கிட்டிருக்கு சார்?”

“அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம்.”

“ஆமா” என்றார் கண்ணாடிக்காரர். “வீட்டுக்கு.”

ஆலோசகருக்கு அது காதில் விழவில்லை. நேரமாகிவிட்டது. அடுத்த வேளைக்கு அறையை வேறொரு கூட்டத்துக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு பொத்தானைத் தொட்டார். திரை ஒருமுறை சிமிட்டியது.

“எங்க போச்சு சார்?”

“எங்கயும் போகலை சார்” என்றார் ஆலோசகர், காகிதங்களை அடுக்கிக்கொண்டே. “கோடு நேராயிடுச்சு, அவ்வளவுதான்.”

எல்லோரும் கை தட்டினார்கள்.